மூன்றாம் அறையின் ஆணி

மார்ச் 3, செவ்வாய்

இன்று ஆட்களுக்கு மார்க் போட்டார்கள். பரீட்சையே எழுதாத ஆட்களுக்கு.

கூட்டத்தில் இயக்குநர் திரையில் ஒரு பட்டியலைக் காட்டினார். எங்கள் ஓவிய அருங்காட்சியகத்துக்குக் கொடுக்கிறவர்கள் எல்லாருடைய பெயருக்கு எதிரிலும் ஓர் எண். இனிமேல் அவர்களிடமிருந்து எவ்வளவு வரும் என்று புதிதாக வாங்கிய மென்பொருள் சொல்லுகிறதாம். தொண்ணூறு வாங்கியவருக்கு இயக்குநரே போன் செய்வார். நாற்பதுக்குக் கீழே இருப்பவர்களுக்கு இயந்திரம் வாழ்த்து அனுப்பும்.

டீச்சரம்மாவுக்குப் பூஜ்யம்.

வாழ்நாள் முழுக்கப் பள்ளிக்கூடத்தில் கணக்குச் சொல்லிக்கொடுத்து மார்க் போட்ட கை அது. அதற்கு நேற்று வந்த மென்பொருள் பூஜ்யம் போடுகிறது!

"அவங்க கொடுக்க வேண்டியதைக் கொடுத்து முடிச்சிட்டாங்க, மேடம்" என்றார் இயக்குநர். கறவை நின்ற மாட்டைப் பற்றிப் பேசுவதுபோல.

"எனக்கு எவ்வளவு மார்க் சார்? அதையும் தட்டிப் பாருங்களேன்" என்றேன். யாரும் சிரிக்கவில்லை. என் துணை அதிகாரி மட்டும் குனிந்து பேனா மூடியைத் திருகிக்கொண்டிருந்தாள்.

நன்கொடைப் பிரிவுக்கு நான் தலைவி. அதற்கு முன் வாசலில் டிக்கெட் கிழித்தவள். படிப்பு பத்தாவதோடு சரி. இந்த வேலைக்கு யாரும் எனக்கு வகுப்பெடுக்கவில்லை. வருகிறவர்களின் காலைப் பார்த்துக் கற்றுக்கொண்டேன். வாய் எல்லாப் படத்துக்கும் ஆஹா சொல்லும். கால் ஏதாவது ஒன்றின் முன்னால்தான் நிற்கும். அந்த ஒன்றைப் பற்றி மட்டும் அடுத்த முறை பேசுவேன். முதல் சந்திப்பில் பணம் என்ற சொல் என் வாயில் வராது. கீழ்த்தளத்துப் படங்களில் பாதி அப்படி வந்ததுதான். மென்பொருளுக்குக் காலைப் பார்க்கத் தெரியுமா?

சாயங்காலம் டீச்சரம்மாவே போன் செய்தார். அடுத்த வாரம் வியாழக்கிழமை வருகிறாராம். "வரலாமாம்மா? தொந்தரவு ஒண்ணும் இல்லையே?" எப்போது வந்தாலும் ஒரு வாரம் முன்னால் சொல்லிவிடுவார். சொந்த அக்கா வரைந்த படத்தைப் பார்க்க அனுமதி கேட்டுக்கொண்டு வருகிறவர். இந்த மரியாதைக்கு எத்தனை மார்க்?

வழக்கம்போலத் துணை அதிகாரியிடம் சொல்லிக் குறித்துவைக்கச் சொன்னேன்.


மார்ச் 4, புதன்

கோபம் ஆறவில்லை. "ஆறலேன்னா மூடி வை, நாளைக்குச் சூடு பண்ணிக்கலாம்" என்கிறார் வீட்டுக்காரர். லிஃப்ட் ரிப்பேர் செய்து ஓய்வுபெற்ற மனிதருக்கு எல்லாமே ஏறும், இறங்கும்; அவ்வளவுதான்.


மார்ச் 6, வெள்ளி

டயர் முதலாளிக்கு மதிய விருந்து. மழைக்காலத்தில் மூன்றாம் அறையின் கூரை ஒழுகுகிறது. முழுக் கூரையையும் மாற்றித் தருவதாக அவர் பாதி வாக்குக் கொடுத்திருக்கிறார். மீதிப் பாதியை வாங்கத்தான் விருந்து.

இரண்டு வருஷத்துக்கு முன் அவர் தன் அப்பாவின் உருவப்படத்தைக் கொடுத்தார். வெள்ளைக் குதிரைமேல் உட்கார்ந்திருக்கும் அப்பா. கதவு அளவுக்குப் பெரிய படம். அதைவிடப் பெரிய சட்டம். வாங்கும்போதே வேண்டாம் என்றேன். ஸ்டோரில் இருக்கட்டும், மேடம் என்று என் வாயை அடைத்தார்கள்.

சாப்பிட்டுக்கொண்டே அவர் கேட்டார், "அப்பா எப்படி இருக்கார்?" ஊரில் இருக்கிற ஆளை விசாரிப்பதுபோல.

"மூணாவது அறையில, நல்ல வெளிச்சத்துல இருக்கார் சார்" என்றார் இயக்குநர்.

நான் கரண்டியைக் கீழே வைத்தேன். மூன்றாம் அறையில் நல்ல வெளிச்சம் விழுவது ஒரே சுவரில்தான். அது குடையின் இடம்.

குடை என்பது டீச்சரம்மாவின் அக்கா வரைந்தது. அந்த அம்மாள் பெயிண்ட் கடையில் வேலை பார்த்தவர். வருகிறவர்கள் காட்டும் நிறத்தைப் பார்த்து அதேபோல் கலந்து கொடுப்பார். விடுமுறை நாளில் தனக்காக வரைவார். மாடிப்படியின் திருப்பத்தில் காய்வதற்காக விரித்துவைத்த ஒரு கறுப்புக் குடை, அதன் அடியில் தேங்கிய கொஞ்சம் தண்ணீர். படத்தில் வேறொன்றும் கிடையாது. ஆனால் பார்க்கிறபோது, யாரோ இப்போதுதான் வீட்டுக்கு வந்திருக்கிறார்கள் என்று தோன்றும். அக்கா போன பிறகு வியாபாரிகள் நல்ல விலைக்குக் கேட்டார்கள். டீச்சரம்மா எங்களுக்குச் சும்மா கொடுத்தார். ஒரே ஒரு நிபந்தனை, நாலு பேர் பார்க்கிற இடத்தில் இருக்க வேண்டும்.

"இந்தக் கட்டடம் நிற்கும்வரை இது இந்த ஆணியில் இருக்கும்" என்று நான் சொன்னேன். எழுதிக் கொடுக்கவில்லை. என் வாய்தான் பத்திரம்.

போன முறை டீச்சரம்மா வந்தபோதுகூட அவர் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தேனே. இயக்குநருக்குச் சுவர் குழம்பியிருக்கும். கேட்கலாம் என்று வாயெடுத்தேன். துணை அதிகாரி சட்டென்று முதலாளி பக்கம் திரும்பி, "இன்னும் கொஞ்சம் சூப், சார்?" என்றாள்.


மார்ச் 9, திங்கள்

எழுத்து கோணுகிறது. கோணட்டும்.

இன்று விடுமுறை. சனிக்கிழமை விருந்தாளிகளோடு மேலே போனேன், குடை அதன் இடத்தில்தான் இருந்தது. அப்போது மூன்றாம் அறை பெஞ்சில் மூக்குக் கண்ணாடியை விட்டுவிட்டேன். அதை எடுக்கலாம் என்று முட்டியைப் பிடித்துக்கொண்டு படியேறினேன். தனியாக.

என் ஆணியில் குதிரை நின்றது.

பக்கத்தில் படம் மாட்டுகிறவர் சிறு ஏணியில் நின்று விளக்கைத் திருப்பிக்கொண்டிருந்தார். நாங்கள் அவரை ஆணிக்காரர் என்றுதான் கூப்பிடுவோம். என்னைப் பார்த்து அவர் திடுக்கிடவில்லை. அதுதான் இன்னும் எரிகிறது.

"என்னம்மா, இன்னிக்கே வந்துட்டீங்க? குடை வியாழக்கிழமைக்குத்தானே? புதன்கிழமை சாயங்காலம் மாத்திடுறேன்."

"எதை மாத்துவீங்க?"

"குதிரையை இறக்கிட்டுக் குடையை ஏத்துவேன். டீச்சர் போனதும் மறுபடியும் குதிரை. ஒரே ஆணிதாம்மா. குதிரை கனம்னு தடியா ஒண்ணு அடிச்சேன். குடைக்கு இது ஜாஸ்திதான்."

"யார் சொல்லி?"

அவர் ஏணியிலிருந்து இறங்கிவிட்டார். "உங்க ஆபீஸ்தான் சொல்லும். நீங்க சொல்லித்தான் சொல்றாங்கன்னு நினைச்சேன்... தெரியாதாம்மா?"

தெரியாது. எனக்குத் தெரியாது! இரண்டு வருஷம்! டீச்சரம்மா என்னிடம் நாள் சொல்லுவார். நான் துணை அதிகாரியிடம் சொல்லுவேன். அவள் ஆணிக்காரரிடம் சொல்லுவாள். என் வாயாலேயே என் கண்ணில் மண் தூவியிருக்கிறார்கள்.

முட்டி வலியால் நான் மேலே போவது விருந்தாளிகளோடு மட்டும்தான். யாரை எப்போது அழைத்துப்போவேன் என்பது முன்பே எல்லாருக்கும் தெரியும். அப்படியானால் நான் பார்த்த மியூசியம் எது? எனக்காக மாட்டி, நான் போனதும் கழற்றிய மியூசியமா?

கண்ணாடியை எடுக்க மறந்து இறங்கிவிட்டேன்.


மார்ச் 10, செவ்வாய்

காலையில் முதல் வேலையாகத் துணை அதிகாரியைக் கூப்பிட்டுக் கதவைச் சாத்தினேன். டிக்கெட் அறையிலிருந்து நான் கைப்பிடித்து மேலே கொண்டுவந்தவள். போன் எடுத்தால் முதலில் என்ன சொல்ல வேண்டும் என்பதிலிருந்து கற்றுக்கொடுத்தேன்.

"எத்தனை தடவை மாத்தினே?"

அவள் அழுதாள். "உங்ககிட்ட சொன்னா ஒத்துக்க மாட்டீங்கன்னுதான் மேடம்..."

"ஒத்துக்க மாட்டேன்னு தெரியுது. தப்புன்னு தெரியல?"

பிறகு இயக்குநர் அறை. அவர் நாற்காலியைவிட்டு எழுந்து எனக்குத் தண்ணீர் ஊற்றிக் கொடுத்தார். குரலில் தேன்.

"யாருக்கு நஷ்டம், மேடம்? டீச்சர் வர்ற அன்னிக்கு அவங்க படம் இருக்கு. முதலாளி வர்ற அன்னிக்கு அவர் படம் இருக்கு. ரெண்டு பேருக்கும் சந்தோஷம். கூரை வந்தா எல்லாப் படத்துக்கும் நல்லது. இதுல பொய் எங்க இருக்கு?"

"ரெண்டு பேரும் ஒரே நாள்ல வந்தா?"

"அப்படி வராம பார்த்துக்கத்தானே நீங்க இருக்கீங்க."

இதற்குத்தான் நான் இருக்கிறேனாம்! இரண்டு பெண்டாட்டிக்காரன் வீட்டு வேலைக்காரி மாதிரி, ஒருத்தி வரும்போது இன்னொருத்தி வராமல் பார்த்துக்கொள்ள. தண்ணீரைக் குடிக்காமல் வந்துவிட்டேன்.


மார்ச் 11, புதன்

வீட்டுக்காரரிடம் சொன்னேன். "ஒரு ஆணிக்கா இவ்வளவு?" என்று ஆரம்பித்தவர் என் முகத்தைப் பார்த்து நிறுத்திவிட்டார். கொஞ்ச நேரம் கழித்து, "லிஃப்ட்ல கயிறுதான் எல்லாமே. அதுல போய் யாரும் விளையாட மாட்டோம்" என்றார்.

முதல்முறையாக உருப்படியாக ஒன்று சொல்லியிருக்கிறார்.

சாயங்காலம் ஆணிக்காரர் குடையை மாட்டிவிட்டதாகச் சொல்லி அனுப்பினார். வேண்டாம் என்று சொல்லியிருக்கலாம். அப்படியே குதிரையோடு இருக்கட்டும், டீச்சரம்மா வந்து பார்க்கட்டும் என்று விட்டிருக்கலாம். முடியவில்லை. அந்த முகத்தை எப்படிப் பார்ப்பது?


மார்ச் 12, வியாழன்

டீச்சரம்மா வந்தார். கைத்தடி, துவைத்து மடிப்புக் கலையாத பருத்திப் புடவை, கைக்குட்டையில் சுற்றிய இரண்டு பிஸ்கட், எனக்கு ஒன்று. பெஞ்சில் உட்கார்ந்தோம். குடை எதிரே இருந்தது, யோக்கியனைப்போல.

இன்றைக்குச் சொல்லாவிட்டால் இனி என்றைக்கும் சொல்லமாட்டேன் என்று தெரிந்தது. சொல்லிவிட்டேன். குதிரை, கூரை, ஆணி எல்லாவற்றையும். அவர் முகத்தைப் பார்க்காமல் படத்தைப் பார்த்துக்கொண்டே சொன்னேன்.

அவர் பிஸ்கட்டை மென்று முடித்தார்.

"தெரியுமேம்மா."

"என்ன தெரியும்?"

"படம் தினமும் இங்க இல்லேன்னு தெரியும். அங்க பாருங்க." கைத்தடியால் சுவரைக் காட்டினார். குடையைச் சுற்றி, குடையைவிட நாலு பங்கு பெரிதாக ஒரு கட்டம். மற்ற சுவரெல்லாம் வெளிறியிருக்க, அங்கே மட்டும் நிறம் புதிதாக இருந்தது. "வெளிச்சம் படாத இடம். இவ்வளவு சின்னப் படம் இவ்வளவு பெரிய இடத்தை மறைக்குமா? நான் கணக்கு டீச்சர்மா. எங்கக்கா இருந்திருந்தா அந்த நிறத்தைக் கலந்து கொடுத்திருப்பா, நீங்களும் பூசி மறைச்சிருப்பீங்க."

சிரிக்கிறார்!

"எப்போலேர்ந்து தெரியும்?"

"போன வருஷமே. அதனாலதான் ஒரு வாரம் முன்னாடியே போன் பண்ணிடுறேன். ஏணி வேணும், ஆள் வேணும். திடுதிப்னு வந்து நின்னா உங்களுக்குச் சங்கடம் இல்லையா?"

எங்கள் மானத்தைக் காப்பாற்றத்தான் போன் செய்திருக்கிறார். நான் அதை மரியாதை என்று ஊரெல்லாம் மெச்சிக்கொண்டிருந்தேன்.

"அப்போ... இது எனக்குத் தெரியும்னா நினைச்சீங்க?"

"பின்ன? உங்களைக் கேட்காம இங்க ஒரு ஆணி அடிப்பாங்களா? நமக்காக இவ்வளவு மெனக்கெடறாங்களேன்னு நினைச்சுக்குவேன்."

அவர் மீதே கோபம் வந்தது. பொத்துக்கொண்டு வந்தது. நான் பொய்க்காரி என்று நம்பிக்கொண்டே என் பக்கத்தில் உட்கார்ந்து பிஸ்கட் கொடுத்திருக்கிறாரே!

"என்னைத் திட்டியிருக்கலாமில்ல? கையைப் பிடிச்சு, ஏண்டி இப்படிப் பண்றேன்னு கேட்டிருக்கலாமில்ல?"

"கேட்டிருக்கலாம். கேட்டா நீங்க இங்க என்கூட உட்காரமாட்டீங்க. அதையும் விட்டுட்டு நான் யாரோட உட்கார்ந்து பார்க்கறது?"

பிறகு நான் சொன்னேன், "இனிமே போன் பண்ணாதீங்க. நினைச்சா வாங்க."

"வந்து, இல்லேன்னா?"

வாயால் வாழ்ந்தவளுக்கு வாயில் ஒன்றும் இல்லை.


மார்ச் 13, வெள்ளி

காலையில் மறுபடியும் குதிரை ஏறிவிட்டது. முதலாளியிடம் நானே போய்ச் சொல்லப்போகிறேன் என்று இயக்குநரிடம் சொன்னேன். முதுகுக்குப் பின்னால் செய்வது என் வழக்கமில்லை.

"அப்படிப் போனா நீங்க இந்தப் பொறுப்புல இருக்க முடியாது, மேடம்." இந்த முறை தண்ணீர் ஊற்றவில்லை.

"நான் உட்கார்ந்த நாற்காலி உங்க அப்பா வீட்டுலேர்ந்து வந்ததில்ல சார்" என்றேன். சொல்லியிருக்கக் கூடாது. பரவாயில்லை. சொன்னது சொன்னதுதான்.


மார்ச் 17, செவ்வாய்

முதலாளியின் அலுவலகம் கடைக்கு மேலே. படியெல்லாம் ரப்பர் வாசனை. அவர் எனக்கு நாற்காலி போடச் சொன்னார். நான் சொல்லச் சொல்ல அவர் கழுத்து சிவந்தது.

"எங்கப்பாவை இறக்கி எங்க வைப்பீங்க?"

"ஸ்டோர்ல. துணி போர்த்தி, சுவர்ப் பக்கம் திருப்பி."

"சுவர்ப் பக்கமா!" மேசையைத் தட்டினார். "நான் கூரை போடப்போறவன். என்கிட்ட வந்து இதைச் சொன்னா கொடுப்பேனா?"

"மாட்டீங்க."

"அப்புறம் எதுக்குச் சொல்றீங்க?"

"நாளைக்கு நான் வேற ஒண்ணு சொன்னா நீங்க நம்பணுமில்ல."

மின்விசிறியைப் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு குரல் இறங்கியது. "படமாவது நல்ல படந்தானே?"

என்னைத் தவிர வேறு யாராக இருந்தாலும் ஆமாம் சொல்லியிருப்பார்கள். "குதிரை நல்லா வந்திருக்கு சார். உங்கப்பா வரல."

அடிக்கத்தான் போகிறார் என்று நினைத்தேன். "அவருக்குக் குதிரைன்னாலே பயம்" என்றார். "சைக்கிள்தான். பஞ்சர் ஒட்டித்தான் எங்க அஞ்சு பேரையும் வளர்த்தார். வரைஞ்சவர்தான் குதிரை போட்டா எடுப்பா இருக்கும்னார்." கொஞ்சம் நிறுத்தி, "அப்போ நீங்க அதை மாட்டினது எனக்காகத்தானா?"

"கூரைக்காக, சார்."

எழுந்து வாசல்வரை வரவில்லை. உட்கார்ந்தபடியே கையை அசைத்தார். போ என்கிற அசைப்பு.


மார்ச் 18, புதன்

பெரிய நன்கொடையாளர்கள் எல்லாரையும் என்னிடமிருந்து எடுத்துத் துணை அதிகாரியிடம் கொடுத்துவிட்டார்கள். முதலாளிக்கு நான் மன்னிப்புக் கடிதம் எழுத வேண்டுமாம். கடிதத்தை அவர்களே எழுதி வைத்திருந்தார்கள். கையெழுத்து மட்டும்தான் பாக்கி.

"முதல்ல டீச்சரம்மாவுக்கு நீங்க எழுதுங்க. அதுக்குக் கீழே நான் கையெழுத்துப் போடுறேன்" என்றேன்.

எனக்கு மிச்சம் விட்டிருப்பது நாற்பதுக்குக் கீழே உள்ளவர்கள். பூஜ்யங்கள். ஒரு பூஜ்யத்திடம் பூஜ்யங்களைக் கொடுத்திருக்கிறார்கள். வரட்டும், பார்க்கிறேன்.


மார்ச் 24, செவ்வாய்

முதலாளி சொல்லாமல் கொள்ளாமல் வந்தார். கீழே வண்டி, இரண்டு ஆட்கள், ஒரு தடிப் போர்வை. நேரே மூன்றாம் அறை. குதிரையை அவரே ஒரு பக்கம் பிடித்து இறக்கினார். இயக்குநர் பின்னாலேயே ஓடினார், "சார், சார், பேசிக்கலாம்" என்று. முதலாளி காதில் வாங்கவில்லை. வண்டியில் ஏற்றும்போது சட்டத்தின் மேல் கையை வைத்து, "வாங்கப்பா, வீட்டுக்குப் போலாம்" என்றது எனக்குக் கேட்டது.

கூரையைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. என் பக்கம் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

அலுவலகம் முழுவதும் என்னைக் கொலைகாரியைப்போலப் பார்க்கிறது. பார்க்கட்டும்.

மதியம் ஆணிக்காரர் தடி ஆணியைப் பிடுங்கிவிட்டுச் சின்னதாக ஒன்று அடித்துக் குடையை மாட்டினார். யார் சொன்னார்கள் என்று கேட்டேன். "யாரும் சொல்லலைம்மா. சுவர் சும்மா இருந்துச்சு."


ஏப்ரல் 15, புதன்

பூஜ்யங்களுக்கு ஒவ்வொருவராகப் போன் செய்கிறேன். வாழ்த்து அனுப்பும் இயந்திரம், இறந்துபோன ஒரு டாக்டருக்குப் பிறந்தநாள் வாழ்த்து அனுப்பியிருக்கிறது. அவர் மனைவி எடுத்ததும், "இன்னும் எத்தனை வருஷம் வாழச் சொல்றீங்க?" என்றார். அரை மணி நேரம் திட்டு வாங்கினேன். அவர் திட்டியது நியாயம். ரொம்ப நாளைக்குப் பிறகு வேலை செய்ததுபோல் இருந்தது.

துணை அதிகாரி என் மேசையில் டீ வைத்துவிட்டுப் போனாள். நான் பேசவில்லை. டீயைக் குடித்தேன்.


மே 19, செவ்வாய்

டிக்கெட் அறைப் பெண் வந்து சொன்னாள். டயர் முதலாளி வரிசையில் நின்று டிக்கெட் வாங்கி உள்ளே போயிருக்கிறார். இலவசம் சார் என்றதற்கு, "எதுக்கு?" என்றாராம்.

முட்டி கெஞ்சியது. ஏறிவிட்டேன். மூன்றாம் அறைக்கு வெளியிலேயே நின்றேன். எல்லாப் படத்தையும் வேகமாகக் கடந்துகொண்டிருந்தார், கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு. குடையின் முன்னால் அந்தக் கால் நின்றது. நிற்கத் தெரியாதவர் நிற்பதுபோல, ஒரு காலிலிருந்து இன்னொரு காலுக்கு மாறிக்கொண்டு, நின்றது.

நான் உள்ளே போகவில்லை. முதல் சந்திப்பில் நான் எதுவும் கேட்பதில்லை.


ஜூன் 11, வியாழன்

நேற்றிலிருந்து மழை. மூன்றாம் அறை ஒழுகுகிறது. நடுவில் வாளி வைத்திருக்கிறார்கள். இயக்குநர் வாளியைக் காட்டிவிட்டு என்னைப் பார்த்தார். நானும் வாளியைப் பார்த்துவிட்டு அவரைப் பார்த்தேன். கடிதம் இன்னும் கையெழுத்தாகாமல் அவர் மேசையில்தான் இருக்கிறது. அவரும் டீச்சரம்மாவுக்கு எழுதவில்லை.

மதியம் ஏதோ வேலையாக வாசல் பக்கம் போனபோது டிக்கெட் அறைப் பெண், "உங்க டீச்சர் வந்து ரொம்ப நேரமாச்சே, நீங்க மேலே போகலியா?" என்றாள்.

மேலே போனேன். பெஞ்சில் உட்கார்ந்திருந்தார். மடியில் கைக்குட்டை. எதிரே குடை. அதைச் சுற்றி அந்தப் பெரிய கட்டம் அப்படியே இருக்கிறது. பூசுவதற்குப் பணமில்லை என்றுவிட்டார்கள். பக்கத்தில் வாளியில் தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது.

நகர்ந்து இடம் விட்டார். உட்கார்ந்தேன்.

"கூரை ஒழுகுதேம்மா."

"ஒழுகுது."

"டயர்காரர்?"

"இன்னும் ஒண்ணும் சொல்லல."

படத்தின் அடியில் அக்கா வரைந்த தண்ணீரையும் வாளியையும் மாறி மாறிப் பார்த்தார். "பொருத்தமாத்தான் இருக்கு" என்று சொல்லி பிஸ்கட்டை நீட்டினார்.

ஏன் போன் செய்யவில்லை என்று நான் கேட்கவில்லை. வாளி நிறைந்ததும் நானே தூக்கிக்கொண்டுபோய்க் கொட்டிவிட்டு வந்து, மறுபடியும் அவர் பக்கத்தில் உட்கார்ந்தேன்.